ஐ7 ஸ்டிக்கருக்கு எத்தனை நாள் பேர்?

"ஐ7 இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே செகண்ட் ஹேண்ட் லெப்டொப் கடைக்குள் நுழையும் நம்ம ஆட்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கடைக்காரரோடும் இருக்கிறது, அது அப்புறம். கம்பஸுக்குத் தெரிவாகி லெப்டொப் வாங்கப் போகும் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளைக்கும், கொழும்பில் வேலை செய்யும் ஒரு மாமாவோ பக்கத்து லயத்து அண்ணனோ சொல்லி அனுப்புவது ஒன்றே ஒன்றுதான்: ஐ3 எடுக்காத, ஐ5 பரவாயில்ல, காசு இருந்தா ஐ7 எடு. ஏதோ வகுப்பு ரேங்க் மாதிரி. ஐ7 என்றால் முதலாம் பிள்ளை, ஐ3 என்றால் கடைசி வாங்கு.

இந்த ரேங்க் பொய். சும்மா கொஞ்சம் மிகைப்படுத்தின பொய் இல்லை, நம்ம வீட்டுக் காசைத் தின்கிற பொய்.

இரத்தினபுரி, கேகாலை, அவிசாவளை என்று நாம் போகிற பழைய லெப்டொப் கடைகளில் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கக்கூடிய இரண்டு ப்ரொசசர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று இன்டெல் கோர் ஐ7-7500யூ. மற்றது இன்டெல் கோர் ஐ5-8250யூ. வெளிநாட்டு ஒபிஸ்களில் பாவித்துக் கழித்த திங்க்பேட், லெட்டிடியூட், எலைட்புக் லெப்டொப்கள் இங்கே வந்து இறங்கும்போது இந்த இரண்டும் கூடவே வருகின்றன. மேலே மூடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. டி470க்கும் டி480க்கும் என்ன வித்தியாசம் என்று தூரத்தில் நின்று சொல்லச் சொன்னால் எனக்கே தெரியாது. ஸ்டிக்கரில் மட்டும் ஒன்றில் 7, மற்றதில் 5. கடைக்காரர் 7 உள்ளதுக்குக் கூடுதலாகக் கேட்பார். "நங்கி, இது ஐ7" என்பதுதான் அவருடைய முழு விளக்கமும்.

இப்போ உள்ளே பார்ப்போம். ஐ7-7500யூ 2016 ஓகஸ்டில் வந்தது. அதற்குள் இருப்பது இரண்டு கோர், நான்கு த்ரெட், 4 எம்பி கேஷ். ஐ5-8250யூ சரியாக ஒரு வருஷம் கழித்து, 2017 ஓகஸ்டில் வந்தது. அதற்குள் நான்கு கோர், எட்டு த்ரெட், 6 எம்பி கேஷ். இரண்டுமே 14 நனோமீற்றர், இரண்டுமே 15 வாட். அதாவது அதே கரண்டில் அந்த "இரண்டாம் பிள்ளை"க்கு இரண்டு மடங்கு கோர் இருக்கிறது.

இதைச் சொன்னால் கடைக்காரர் அடுத்த சீட்டை இறக்குவார். "கிகாஹெர்ட்ஸைப் பாருங்க, இது 2.7, அது 1.6 தான், ஸ்லோ." நம்பர் சரி, அர்த்தம் பிழை. பெட்டியில் போடுகிற அந்த நம்பர் பேஸ் வேகம். எல்லாக் கோருக்கும் முழு வேலை கொடுத்து, 15 வாட்டைத் தாண்டாமல் ஓட்டும்போது குறைந்தது இவ்வளவு வேகம் கிடைக்கும் என்று கம்பெனி தரும் உறுதி அது. நான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைப்பது குறையத்தானே செய்யும்? வேலை குறைவாக இருக்கும்போது இரண்டும் ஏறுகிற உச்ச வேகத்தைப் பாருங்கள்: 7500யூ 3.5 கிகாஹெர்ட்ஸ், 8250யூ 3.4. பத்தில் ஒரு புள்ளி வித்தியாசம். உள்ளே இருக்கிற கோரின் வடிவமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

கோர், த்ரெட் என்றதும் "நான் ஆர்ட்ஸ், எனக்கு இதெல்லாம் வேணாம்" என்று தாண்டிப் போகிறவர்களுக்காக: நம்ம ஊரில் றப்பர் பால் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மலைக்கு இரண்டு பேரை விட்டால், அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் இரண்டு பேர்தான். நான்கு பேரை விட்டால், ஒவ்வொருவரும் கொஞ்சம் மெதுவாக வெட்டினாலும் மழைக்கு முன்னாடி மலை முடியும். கோர் என்பது அந்த ஆட்கள். த்ரெட் என்பது என்ன? வெட்டினவர் ஒரு மரத்தடியில் நின்று சிரட்டை நிரம்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அடுத்த மரத்துக்குப் போகிறார். ரேமிலிருந்து டேட்டா வருகிற வரைக்கும் சும்மா நிற்காமல் ஒரு கோர் இன்னொரு வேலையை எடுத்துச் செய்வதும் அதுதான். ஆனால் அதனால் ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிட மாட்டார். "நாலு த்ரெட் இருக்கே" என்று 7500யூவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்போ ஏன் அதற்கு ஐ7 என்று பேர் வைத்தார்கள்? வைத்தது இன்டெல். இதில் கடைக்காரரைத் திட்டிப் புண்ணியம் இல்லை. அதே 7ஆம் தலைமுறையில் மேசைக் கணினிக்கு வந்த ஐ5-7400க்கு நான்கு கோர். லெப்டொப்புக்கு வந்த ஐ7-7500யூவுக்கு இரண்டு. மேசையில் ஐ5 என்று நிற்பவன் லெப்டொப்பில் ஐ7 என்று நிற்பவனைவிட இரண்டு கோர் அதிகம் வைத்திருக்கிறான்! கடைசியில் இருக்கும் அந்த "யூ" என்ற எழுத்துதான் முழுக் கதையும்: கரண்ட் குறைவாகப் பாவிக்கும் லெப்டொப் சிப் என்று அர்த்தம். அதைக் கடைக்காரரும் வாசிப்பதில்லை, மாமாவும் வாசிப்பதில்லை.

வருஷக்கணக்காக இந்த யூ வரிசையில் ஐ3, ஐ5, ஐ7 எல்லாவற்றுக்கும் இரண்டு கோரையே வைத்துப் பேரை மட்டும் மாற்றி விற்றது இன்டெல். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசனோடு சந்தைக்குத் திரும்பி வந்தது. அதே வருஷம் ஓகஸ்டில் இன்டெல்லுக்குத் திடீரென்று லெப்டொப் ஐ5இல் நான்கு கோர் வைக்க ஞானம் பிறந்தது. தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். 8ஆம் தலைமுறையை வெளியிட்டபோது, முந்தினதைவிட 40 சதவீதம் வரை வேகம் கூடுதல் என்று இன்டெல்லே விளம்பரம் செய்தது. இதைவிட முக்கியம் விலை. இன்டெல்லின் பட்டியலில் 7500யூவின் விலை 393 டொலர். 8250யூவின் விலை 297 டொலர். செய்த கம்பெனியே குறைந்த விலை போட்ட, கூடிய வேலை செய்கிற சாமானை, ஸ்டிக்கரில் இருக்கிற ஒரு இலக்கத்துக்காக நாம் வேண்டாம் என்கிறோம்.

ஏஎம்டி பக்கம் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். 2022இல் வந்த ரைசன் 5 7520யூவின் பேரைப் பார்த்தால் புத்தம் புதுசு மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது 2019இல் வந்த ஸென் 2 என்ற பழைய கோர் வடிவமைப்பு. பேரில் 7, உடம்பில் பழசு. எல்லாரும் ஒரே சந்தையில்தான் கடை போட்டிருக்கிறார்கள்.

சரி, நியாயமாகப் பேசுவோம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து வேர்டில் ஒரு அசைன்மென்ட் மட்டும் டைப் பண்ணினால் வித்தியாசம் தெரியாது. யூடியூப் பார்த்தாலும் தெரியாது, வீடியோவை விரிக்கிற கிராபிக்ஸ் பகுதி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய ஹார்ட் டிஸ்க் போட்டிருந்தால் இரண்டுமே ஆமைதான். எஸ்எஸ்டி இல்லாத எந்த லெப்டொப்பையும், அது எந்த ப்ரொசசராக இருந்தாலும், எடுக்காதீர்கள் அல்லது எஸ்எஸ்டிக்கான காசை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஆனால் நாம் ஒரு வேலையை மட்டும் செய்கிற நாள் எது? ஸூமில் லெக்சர் ஓடுகிறது. பக்கத்தில் குரோமில் பத்துப் பன்னிரண்டு டெப். நூலகம் தளத்திலிருந்து இறக்கின ஸ்கேன் பண்ணின பிடிஎப் ஒன்று, ஒவ்வொரு பக்கமும் படம். பின்னால் விண்டோஸ் தன் பாட்டுக்கு வைரஸ் தேடுகிறது. இந்த இடத்தில்தான் இரண்டு கோர் மூச்சு வாங்கும். ஸூமில் குரல் வெட்டி வெட்டி வரும், நாம் சிக்னலைத் திட்டுவோம். சிக்னலும் ஒரு காரணம்தான், எங்க டிவிஷனில் ஜன்னலோரம் போகாவிட்டால் ஒரு கோடுகூட வராது. ஆனால் சிக்னல் இரண்டு கோடு காட்டுகிறபோதும் வெட்டுகிறதென்றால் டாஸ்க் மெனேஜரைத் திறந்து பாருங்கள், ப்ரொசசர் நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

"ஆர்ட்ஸ் பிள்ளைக்கு எதுக்கு இந்த ப்ரொசசர் பேச்சு, டைப் அடிக்கத்தானே?" என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது, புவியியல் படிக்கிறவர் கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் போடுகிறார், சமூகவியல் படிக்கிறவர் எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஆய்வுத் தரவைப் போட்டுக் கணக்குப் பார்க்கிறார், தமிழ் படிக்கிறவர் பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் பண்ணி டெசரக்ட் மாதிரி மென்பொருளில் கொடுத்து எழுத்தாக மாற்றப் பார்க்கிறார். இருநூறு பக்கத்தை எழுத்தாக மாற்றுகிற வேலை நான்கு கோரையும் கேட்கும். இரண்டாவது, நாம் ஆர்ட்ஸுக்கு எப்படி வந்தோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தரத்துக்குக் கணிதமோ விஞ்ஞானமோ தமிழில் படிக்க எத்தனை இடத்தில் வசதி இருக்கிறது? விரும்பி ஆர்ட்ஸ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. வேறு கதவு இல்லாமல் வந்தவர்களும் நிறையப் பேர். கதவைப் பூட்டியும் வைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்காதே என்றும் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இனி காசு. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. மே மாதம் 350ஐத் தாண்டியது. புது லெப்டொப் நம்ம கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது அந்த இரண்டு மாதத்தில்தான். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். அதனால்தான் நாமெல்லாம் செகண்ட் ஹேண்ட் மேசைக்கு முன்னால் நிற்கிறோம். அங்கே ஐ7 என்ற பேருக்காக ஒரு பேச்சுக்கு 20,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். கணக்குப் பார்த்தால் 15 நாள் பேர். 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்ன 1,550ஐ வைத்துப் பார்த்தாலும் 13 நாள். அதுவும் முழுப் பேர் விழுந்தால். நம்ம பக்கம் மழை பெய்கிற பெய்யலுக்குப் பால் வெட்டு நிற்கிற நாளையும், நிறை குறைந்தால் அரைப்பேர் போடுகிற நாளையும் சேர்த்தால் அது ஒரு மாதத்தைத் தாண்டலாம். மகாபொல கிடைக்கிறவர்களுக்கு, அது 7,500 ஆன பிறகும், கிட்டத்தட்ட மூன்று மாதக் காசு. இவ்வளவையும் கொடுத்து வாங்குவது என்ன? இரண்டு கோர் குறைவு.

என்னோடு ஹொஸ்டலில் இருக்கிற ஒரு பிள்ளை, தெரணியகலைப் பக்கம். அம்மா சீட்டு எடுத்து, மிச்சத்துக்குத் தோட்டை அடகு வைத்து, ஒரு கடையில் ஐ7 எடுத்துக் கொடுத்தார். 7500யூ. கடையில் விண்டோஸ் 11 போட்டே கொடுத்திருந்தார்கள், "புதுசு மாதிரி ஓடும்" என்று சொல்லி. இங்கேதான் அடுத்த விஷயம் வருகிறது. இது வேகத்தைவிடப் பெரிய விஷயம்.

விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொள்கிற இன்டெல் ப்ரொசசர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகளைத் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. 8250யூ அந்தப் பட்டியலில் இருக்கிறது. 7500யூ இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்துகொண்டாலும் சாதாரண பாவனையாளருக்கு அது இன்னொரு வருஷம்தான். அப்போ கடைக்காரர் 7500யூவில் விண்டோஸ் 11 எப்படிப் போட்டார்? சோதனையைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகள் இருக்கின்றன, அதில் ஒன்றால். ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் பொறுப்பெடுக்காது. அந்தப் பிள்ளைக்கு நாலு வருஷப் படிப்பு. தீசிஸ் எழுதுகிற வருஷத்தில் அது எப்படி இருக்கும் என்று கடைக்காரர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று வாங்கப் போனவர்களுக்குத் தெரியவும் இல்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "ஐ7 எடுங்க அக்கா" என்று சொல்லி அனுப்பின ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

லினக்ஸ் போடலாமே என்று ஒரு தோழர் சொன்னார். நல்ல யோசனைதான், 7500யூவில் லினக்ஸ் மின்ட் அழகாக ஓடும், லிப்ரே ஒபிஸில் தமிழும் பிரச்சினை இல்லை. ஏற்கனவே அந்த லெப்டொப்பை வைத்திருக்கிறவர்கள் தூக்கி எறியத் தேவையில்லை, அதைச் செய்யுங்கள். இனிமேல் வாங்கப் போகிறவரிடம் "முதல்ல தப்பான சாமானை வாங்கு, பிறகு லினக்ஸ் படி" என்று சொல்ல முடியுமா?

"பழசு எதுக்கு, அதே விலைக்குப் புதுசா வாரன்டியோட கிடைக்குதே" என்பது இன்னொரு கட்சி. அவர்கள் காட்டுவது பெரும்பாலும் செலரோன் என்4020 மாதிரி ஒன்றாக இருக்கும். இரண்டு கோர், இரண்டு த்ரெட், 1.1இலிருந்து 2.8 கிகாஹெர்ட்ஸ், 6 வாட். விண்டோஸ் 11 பட்டியலில் இது இருக்கிறது, அதுதான் வேடிக்கை. பட்டியலில் இருப்பதால் மட்டும் சாமான் நல்லதாகிவிடாது. இதோடு வருகிற பல மாடல்களில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சியும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூட்ட முடியாது. விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தால் இடம் போதாமல் திணறும். வாரன்டி இருக்கிறது என்பது உண்மை. மெதுவாக ஓடுகிறது என்று வாரன்டியில் கொடுத்து மாற்ற முடியாது என்பதும் உண்மை.

யூடியூப்பில் ப்ரொசசர் ஒப்பிடுகிற நம்ம தமிழ் அண்ணன்மாரும் உதவிக்கு வரமாட்டார்கள். அவர்கள் இந்த மாதம் வந்ததையும் போன மாதம் வந்ததையும் வைத்து கேமில் எத்தனை பிரேம் வருகிறது என்று காட்டுகிறார்கள். எட்டு, ஒன்பது வருஷத்துக்கு முந்தின இரண்டு சிப்பில் எதை எடுப்பது என்று கேட்கிறவன் அவர்களுடைய பார்வையாளன் இல்லை. அதனால்தான் இதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடையில் செய்ய வேண்டியது சின்ன விஷயம். ஸ்டிக்கரையும் மாடல் பேரையும் விடுங்கள், ஸ்டிக்கர் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. லெப்டொப்பைப் போடச் சொல்லி, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்துங்கள். டாஸ்க் மெனேஜரில் பெர்போமன்ஸ் பக்கத்தில் சிபியூவைத் தொட்டால் முழு நம்பரும், எத்தனை கோர் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். ஐக்குப் பிறகு வருகிற முதல் இலக்கத்தை விட்டுவிட்டு, கோட்டுக்குப் பிறகு வருவதைப் பாருங்கள். 7இல் ஆரம்பித்தால் 7ஆம் தலைமுறை, 8இல் ஆரம்பித்தால் 8. 8250யூ கிடைக்கிறது, ஆனால் ரேம் 4 ஜிபிதான் என்றால் பயப்பட வேண்டாம். இந்த ஒபிஸ் லெப்டொப்களில் அநேகமானவற்றில் ரேமைப் பிறகு கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், பெட்டரியையும் மாற்றலாம். ப்ரொசசர் மட்டும் போர்டோடு பற்றவைத்தது. வாங்குகிற அன்றைக்கு எது உள்ளே இருக்கிறதோ, கடைசிவரை அதுதான். மாற்ற முடியாத அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் மற்ற எல்லாவற்றையும், பேக் ப்ரீயா, மவுஸ் ப்ரீயா என்பது வரைக்கும் கேட்டுவிட்டு வருகிறோம்.

"நம்பரெல்லாம் கேட்டா கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார்" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். சிங்களத்தில் சரளமாகப் பேச வராத, தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை என்று தெரிந்தால் சில இடங்களில் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. நம்பரைப் போனில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எட்டு, இரண்டு, ஐந்து, பூச்சியம். இதற்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. இல்லை என்றால் அடுத்த கடை.

தேர்தல் நெருங்கும்போது தோட்டப் பாடசாலை மேடைகளில் லெப்டொப் கொடுக்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். படம் எடுக்கும்போது மூடிதான் தெரிகிறது. பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ப்ரொசசர் நம்பர் இருக்கும். மாலை போடுவதற்கு முன்னாடி யாராவது ஒரு பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.